ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சும்மா ஓடுவதை நிறுத்த: சுவிட்சா, விண்டோஸ் அமைப்பா, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளா?

ஏசியை 26-ல் வைத்தாயிற்று, டியூப்லைட் எல்லாம் எல்இடி ஆயிற்று, அடுத்து கம்ப்யூட்டர்தான் என்று முடிவெடுத்த அலுவலகத்துக்கு மூன்று யோசனைகள் வரும். விற்க வருபவர் பவர் மேனேஜ்மென்ட் மென்பொருளைக் காட்டி பாதிக்குப் பாதி மிச்சம் என்பார். ஹார்டுவேர் பார்ப்பவர், "அதெல்லாம் விண்டோஸிலேயே இருக்கு சார்" என்பார். முதலாளியோ, "போகும்போது மெயினை அணைச்சிட்டுப் போங்க, போதும்" என்று முடித்துவிடுவார். மூவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் குழப்பம். சேலம் டவுனில் உள்ள அலுவலகத்தையும் ஏற்காட்டில் உள்ள அலுவலகத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம் போகப் போகப் புரியும்.

## முதலில் அளந்துவிடுங்கள்

பிளக்கில் மாட்டும் மின் அளவி ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. ஒரு கம்ப்யூட்டரை அதில் மாட்டி, வேலை செய்யும்போது, சும்மா இருக்கும்போது, ஸ்லீப்பில், ஷட்டவுனில் என்று நான்கு நிலையிலும் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருடப் பழைய டவர் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 45 வாட், சின்ன எல்இடி மானிட்டர் 15 வாட் என்று காட்டினால் ஆச்சரியமில்லை. ஸ்லீப்பில் அதே இயந்திரம் 2 வாட்டுக்கு இறங்கிவிடும். ஷட்டவுன் செய்தாலும் ஒரு வாட் சுமாருக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கணக்கைப் போடுவோம். காலை ஒன்பதரை முதல் இரவு ஏழரை வரை, மாதம் 26 நாள் வேலை. மிச்ச நேரம் மாதத்துக்கு 460 மணி. இரவெல்லாம் ஆனில் விட்ட ஒரு கம்ப்யூட்டர், மானிட்டர் தானே அணைந்துவிட்டாலும், 45 வாட் வீதம் 20.7 யூனிட் தின்னும். இரு மாத பில்லில் 100 யூனிட்டைத் தாண்டிய வணிக இணைப்புக்கு யூனிட் பத்து ரூபாயை ஒட்டி வருவதால், மாதம் 207 ரூபாய். பகலில் சாப்பாடு, டீ, வெளிவேலை என்று மூன்று மணி நேரம் யாரும் இல்லாமல் ஓடினால், மானிட்டரோடு சேர்த்து மாதம் 4.7 யூனிட், 47 ரூபாய். அறையில் ஏசி இருந்தால் அந்த வெப்பத்தை வெளியே தள்ள ஏசி சுமாராக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்கும். அதையும் சேர்த்தால் 60 ரூபாய்க்குப் பக்கம்.

இரவு 207, பகல் 47. இந்த இரண்டு எண்களிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது. உங்கள் அலுவலகத்தில் இரவு எத்தனை கம்ப்யூட்டர் ஆனில் கிடக்கிறது என்று ஒரு வாரம் வாட்ச்மேனை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். இருபதில் ஆறு என்று வந்தால் இரவுதான் உங்கள் பிரச்சினை. பூஜ்யம் என்று வந்தால், எந்த மென்பொருளும் ஒரு கம்ப்யூட்டருக்கு மாதம் ஐம்பது அறுபது ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்தித் தர முடியாது.

பில்லில் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வரும் நிலைக்கட்டணம் இதனால் ஒரு பைசாவும் குறையாது. விற்பவர் மொத்த பில் தொகையை யூனிட்டால் வகுத்து "உங்க ரேட் 13 ரூபாய்" என்று கணக்குக் காட்டினால் அதை ஏற்காதீர்கள்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

வீண் இரவிலா பகலிலா என்பது முதல் கேள்வி. எத்தனை கம்ப்யூட்டர், அவை ஒரே கட்டடத்திலா, கிளைகளிலா? விண்டோஸ் ஹோம் பதிப்பா, புரோவா? டாலி டேட்டா, பிரிண்டர், சிசிடிவி போல மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகச் சார்ந்திருக்கும் இயந்திரம் எது? இரவில் யூபிஎஸ்ஸை அணைக்கிற பழக்கம் உண்டா? இவற்றோடு, ஆறு மாதம் கழித்து ஒரு அமைப்பு மாறிப்போனால் அதைக் கவனிக்க ஆள் யார்? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. திட்டம் படுத்துவிடுவது பெரும்பாலும் அங்கேதான்.

## வழி 1: சுவிட்சும் பழக்கமும்

செலவு இல்லை. நம்மூர் பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் சுவிட்ச் இருப்பது பெரிய வசதி. ஷட்டவுன் செய்து சுவிட்சையும் அணைத்தால் அந்த ஒரு வாட்டும் நின்றுவிடும். சேலம் செவ்வாய்பேட்டையில் நான்கு கம்ப்யூட்டர் வைத்துள்ள கொலுசு மொத்தக் கடைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மானிட்டர் ஐந்து நிமிடத்தில் அணையும்படி வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம்.

ஆனால் பகல் வீணை இது தொடவே தொடாது. பூட்டிக்கொண்டு போகிறவர் மொத்தமாக மெயினை இழுத்து அணைக்கும் இடங்களில் வேறொரு ஆபத்தும் உண்டு: ஸ்லீப்பில் கிடக்கும் கம்ப்யூட்டரை ஷட்டவுன் ஆகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். ஸ்லீப்பில் திறந்திருக்கும் கோப்பெல்லாம் ராமில்தான், அதாவது தற்காலிக நினைவகத்தில்தான், இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. ஆகவே மெயினை அணைக்கும் அலுவலகத்தில் ஸ்லீப்பை அப்படியே வைக்கக் கூடாது. ஹைபர்னேட் வைக்க வேண்டும். அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும்.

காலையில் மெயினைப் போட்டதும் எல்லாம் தானாக எழட்டும் என்று பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில்) "கரண்ட் வந்தால் ஆன் ஆகு" என்ற அமைப்பைச் சிலர் வைக்கிறார்கள். மூன்று கேவிஏ யூபிஎஸ்ஸில் இருபது கம்ப்யூட்டர் ஒரே நொடியில் எழுந்தால் ஓவர்லோடு அலாரம் அடிக்கும். சில நேரம் யூபிஎஸ் டிரிப்பே ஆகிவிடும். பகலில் கரண்ட் போய் வந்தால் ஆள் இல்லாத மேசைக் கம்ப்யூட்டர்களும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வசதி வேண்டாம்.

## வழி 2: விண்டோஸிலேயே உள்ள அமைப்பு

பெரும்பாலான அலுவலகங்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மானிட்டர் 5 நிமிடம், ஸ்லீப் 20 நிமிடம் என்பது நல்ல தொடக்கம். பத்து நிமிடத்துக்கு இறக்கினால் ஊழியர்கள் எரிச்சலாகி, மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் மென்பொருளைத் தேடிப் போட்டுக்கொள்வார்கள். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்று ஒரு கட்டளை இருக்கிறது. நேரங்களை அதில் எழுதி ஒரு பேட்ச் கோப்பாக (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்பாக) பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இருபது கம்ப்யூட்டரை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். ஹோம் பதிப்பிலும் இது வேலை செய்யும்.

அமைத்த மறுநாள்தான் உண்மையான வேலை தொடங்கும். இருபதில் ஐந்தாறு தூங்கவே தூங்காது. விற்பவர்கள் "விண்டோஸ் அமைப்பை நம்ப முடியாது" என்று சொல்வதன் பின்னணி இதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்க அதே கட்டளையிலேயே வழி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜியோடு "ரிக்வெஸ்ட்ஸ்" என்று சேர்த்து ஓட்டினால், யார் தூங்க விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். அடிக்கடி சிக்குபவை இவை:

ஆடியோ ஸ்ட்ரீம் என்று வந்தால் ஏதோ ஒரு பிரவுசர் டேபில் பாட்டோ வீடியோவோ ஓடுகிறது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் கணக்கு கணக்குதான்.

"எஸ்ஆர்வி-நெட்" என்று வந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள ஷேர் ஃபோல்டரை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். டாலி டேட்டா உள்ள இயந்திரத்தில் இது வருவதுதான் சரி. அதைத் தூங்க வைக்கவே கூடாது. பல பேர் பயன்படுத்தும் டாலியில், லைசென்ஸ் உள்ள இயந்திரம் தூங்கிவிட்டால் மற்ற மேசைகளில் டாலி எஜுகேஷனல் மோடுக்குத் தாவிவிடும். டேட்டா பாதியில் அறுந்தால் ரிப்பேர் போட வேண்டிய நிலையும் வரலாம். அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் மானிட்டர் அணைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் அதே கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் செய்துவிட்டால் விதிவிலக்கு ஒன்றோடு முடிந்துவிடும். பிரிண்டர் ஒன்றில், டேட்டா ஒன்றில், ஸ்கேனர் ஒன்றில் என்று பிரிந்து கிடந்தால் மூன்று இயந்திரங்கள் நாள் முழுக்க விழித்திருக்கும்.

சிலவற்றில் ஸ்லீப் என்ற தேர்வே மெனுவில் இருக்காது. பவர்சிஎஃப்ஜியோடு "ஏ" சேர்த்துப் பார்த்தால் காரணத்தைச் சொல்லும். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமல் விண்டோஸின் பொது டிரைவரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சரியான டிரைவரைப் போட்டதும் ஸ்லீப் வந்துவிடும்.

தூங்கியது தானாக எழுந்துகொண்டால் "லாஸ்ட்வேக்" என்று கேட்க வேண்டும். நெட்வொர்க் கார்டு என்று வந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பவர் பக்கத்தில் மேஜிக் பாக்கெட் (நெட்வொர்க் வழியாக வரும் எழுப்பும் சிக்னல்) வந்தால் மட்டும் எழுப்பு என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். மவுஸ் என்று வந்தால், பக்கத்து மேசை ஆடும்போது ஆப்டிகல் மவுஸ் அசைந்து எழுப்பியிருக்கிறது. மவுஸுக்கு அந்த உரிமையை எடுத்துவிட்டு கீபோர்டுக்கு மட்டும் விடலாம்.

இரவு எட்டு மணிக்குத் தானாக ஷட்டவுன் ஆகும்படி டாஸ்க் ஷெட்யூலரில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கட்டளையில் பத்து நிமிட அவகாசம் கொடுத்தால், அவகாசம் முடிந்ததும் சேமிக்காத கோப்புகளையும் கேட்காமல் மூடிவிடும். அவகாசம் கொடுத்தாலே கட்டாய மூடல் சேர்ந்து வரும் என்பது அந்தக் கட்டளையின் இயல்பு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசித் தேதியன்று எட்டரை வரை உட்கார்ந்திருப்பவரின் எக்செல் போனால், மறுநாள் திட்டமே நின்றுவிடும். அதற்குப் பதிலாக ஹைபர்னேட் கட்டளையை வையுங்கள். கூடவே கண்டிஷன்ஸ் பக்கத்தில் 15 நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் மட்டும் ஓடு என்று குறித்துவிடுங்கள். திறந்திருந்ததெல்லாம் காலையில் அப்படியே வரும். எஸ்எஸ்டி உள்ள இயந்திரம் அரை நிமிடத்துக்குள் எழும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

டிஜிட்டல் கையெழுத்து டோங்கிள் சில நேரம் ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் அடையாளம் தெரியாமல் நிற்கும். கழற்றி மாட்டினால் சரியாகும். இதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் புகார் வராது.

மறைமுகச் செலவு நேரம்தான். இருபது கம்ப்யூட்டருக்கு அமைக்க ஒரு மதியம், தூங்காதவற்றைத் துரத்திப் பிடிக்க இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு. யாராவது அமைப்பை மாற்றிவிட்டாலும் தெரியாது. மாதம் ஒருமுறை பேட்ச் கோப்பை மீண்டும் ஓட்டிவிட வேண்டும்.

## வழி 3: குரூப் பாலிசி

ஏற்கெனவே விண்டோஸ் சர்வரும், எல்லாக் கம்ப்யூட்டரையும் அதன் கட்டுப்பாட்டில் சேர்க்கும் டொமைனும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இதே அமைப்புகளை ஒரே இடத்தில் எழுதினால் எல்லா இயந்திரத்துக்கும் போய்ச் சேரும். ஊழியரால் மாற்ற முடியாது. ஒன்றரை மணி நேரம் சுமாரில் தானே பரவிவிடும். டாலி இயந்திரத்தைத் தனி குழுவில் போட்டு விலக்கு கொடுங்கள்.

டொமைன் இல்லாதவர்கள் இதற்காகவே சர்வர் வாங்குவது வீண். சர்வர் விலை, லைசென்ஸ், ஹோம் பதிப்பை புரோவாக மாற்றும் செலவு எல்லாம் சேர்த்தால் மின் மிச்சத்தில் திரும்ப எடுக்க ஆயுள் போதாது. தவிர, தூங்காத இயந்திரத்தைக் குரூப் பாலிசி தூங்க வைத்துவிடாது. வழி 2-ல் சொன்ன துரத்தல் வேலை இங்கேயும் உண்டு.

## வழி 4: காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்

சோஹோவின் மேனேஜ்எஞ்சின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் போன்றவற்றில் பவர் மேனேஜ்மென்ட் ஒரு பகுதியாக வருகிறது. பல கம்ப்யூட்டர்களை ஒரே திரையிலிருந்து அப்டேட் செய்ய, பழுது பார்க்க என்று வாங்குபவர்களுக்கு இது கூடவே கிடைத்துவிடும். எந்தக் கம்ப்யூட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அறிக்கை தரும். குறித்த நேரத்தில் அணைக்கும். நெட்வொர்க் வழியாக எழுப்பும்.

இவற்றின் விலையை மொத்த வீணோடு ஒப்பிடாதீர்கள். வழி 2-ஐச் செய்து முடித்த பிறகு மிஞ்சுகிற வீணோடு ஒப்பிடுங்கள். இலவசமாகவே கிடைக்கும் மிச்சத்தையும் சேர்த்துத்தான் விற்பவர் கணக்குக் காட்டுவார். இரவு அணைக்கும் பழக்கம் உள்ள அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரின் பகல் வீண் வருடத்துக்கு 560 ரூபாய்தான். அதில் பெரும்பகுதியை விண்டோஸ் அமைப்பே பிடித்துவிடும். மிஞ்சுவதில் லைசென்ஸ் தொகை அடங்குகிறதா என்று பாருங்கள்.

மென்பொருளின் சர்வரை உங்கள் அலுவலகத்திலேயே வைத்தால் அது 24 மணி நேரமும் ஓடும். 45 வாட் வீதம் மாதம் 324 ரூபாய். ஏழு கம்ப்யூட்டரின் பகல் மிச்சத்தை அதுவே சாப்பிட்டுவிடும். கிளவுட் பதிப்பில் இந்தச் செலவு இல்லை.

நெட்வொர்க் வழியாக எழுப்புவதிலும் சிக்கல் உண்டு. பயாஸில் இஆர்பி (ErP) என்ற மின் மிச்ச அமைப்பு ஆனில் இருந்தால் எழாது. வைஃபையை நம்ப முடியாது, கேபிள் வேண்டும். இரவு மெயினை அணைத்த இயந்திரம் மறுநாள் ஒருமுறை கையால் ஆன் செய்யும் வரை எழாமல் போவதும் சகஜம். கிளை அலுவலகத்துக்கு எழுப்பும் சிக்னல் ரவுட்டரைத் தாண்டாது. அங்கேயே விழித்திருக்கும் ஏதோ ஒன்று அதை அனுப்ப வேண்டும்.

இது பொருந்தும் இடங்களும் உண்டு. ஐந்தாறு கிளை உள்ள நிதி நிறுவனம், ஐம்பது நூறு கம்ப்யூட்டர் உள்ள மருத்துவமனை, கல்லூரி லேப். எண்ணிக்கை பெரிதாகும்போது தூங்காதவற்றை ஆள் வைத்துத் துரத்துவது கட்டுப்படியாகாது. அறிக்கை இருந்தால்தான் பிடிக்க முடியும். லேப்களில் டீப் ஃப்ரீஸ் போட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதைத் தளர்த்தாமல் செய்யும் எந்தப் பவர் அமைப்பும் அடுத்த ரீஸ்டார்ட்டில் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும்.

## ஒரே பார்வையில்

| வழி | கைச்செலவு | இரவு வீண் | பகல் வீண் | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| சுவிட்ச் | இல்லை | நன்றாகக் குறையும் | குறையாது | ஸ்லீப்பில் உள்ளதை மெயினோடு அணைத்தால் வேலை போகும் |
| விண்டோஸ் அமைப்பு | நேரம் மட்டும் | குறையும் | குறையும் | தூங்காத இயந்திரங்கள், டாலி, பிரிண்டர் |
| குரூப் பாலிசி | டொமைன் இருந்தால் இல்லை | குறையும் | குறையும் | ஹோம் பதிப்பில் நடக்காது |
| விலை மென்பொருள் | வருட லைசென்ஸ் | குறையும் | குறையும் | சர்வர் செலவு, சிறிய அலுவலகத்துக்குக் கட்டாது |

## ஏற்காட்டில் கணக்கு வேறு

மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் எஸ்டேட் அலுவலகத்துக்கும் விடுதி ரிசப்ஷனுக்கும் பெரும்பாலும் ஏசி இல்லை. அதனால் அந்த மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மிச்சமும் இல்லை. ஆனால் மரக்கிளை விழுந்து கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும் நேரத்தைத் தாண்டியும் வராமல் போவது உண்டு. ஸ்லீப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் பேட்டரி தீர்ந்ததும் ராமில் உள்ளதை இழந்துவிடும். ஆகவே இங்கே ஸ்லீப்பை "ஒருபோதும் வேண்டாம்" என்று வைத்து, 30 நிமிடத்தில் நேராக ஹைபர்னேட் ஆகும்படி அமைப்பதே சரி. இடி இடிக்கும் மாதங்களில் ஹைபர்னேட் ஆன பிறகு பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். எந்த மென்பொருளும் மின்னலிலிருந்து காப்பாற்றாது.

சேலத்திலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஒரு முறை வந்து போகும் கூலிக்கே பல மாத மின் மிச்சம் போய்விடும். அதற்காகத்தான் பலர் தொலைவிலிருந்து பார்க்க வசதியாக எல்லாக் கம்ப்யூட்டரையும் இரவும் பகலும் ஆனில் விடுகிறார்கள். ஒன்றை மட்டும் விழித்திருக்க விட்டு, அதிலிருந்து மற்றவற்றை எழுப்பினால் போதும். சில ரவுட்டர்களிலேயே எழுப்பும் வசதி இருக்கிறது. அப்படியானால் அந்த ஒன்றும் தேவையில்லை.

மலைக்கும் டவுனுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி மாற்றிக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் பழைய ஸ்லீப் இல்லை; மூடிய பிறகும் உள்ளே அரைத்தூக்கத்தில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். மேலே போய்ச் சேரும்போது பை சூடாக இருந்தால் காரணம் அதுதான்.

## பழையதையே மாற்றிவிட்டால்?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11-க்கு ஏறாது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் மினி பிசி பாருங்கள். சும்மா இருக்கும்போது பத்து வாட்டுக்குள் அடங்குபவை கிடைக்கின்றன. 45 வாட் இயந்திரத்தின் வீணில் நான்கில் மூன்று பங்கு எந்த அமைப்பும் இல்லாமலே போய்விடும். மின்சாரத்துக்காக மட்டும் நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவது கட்டாது. மாற்றும் திட்டம் உள்ள இயந்திரங்களுக்கு வருட லைசென்ஸ் வாங்குவதும் கட்டாது.

## விற்பவர் வந்தால்

வாங்குவதாக இருந்தால் ஐந்து கம்ப்யூட்டரில் ஒரு மாதம் சோதனைக்குக் கேளுங்கள். அதற்கு முந்தைய மாதமே அந்த ஐந்திலும் பேட்ச் கோப்பை ஓட்டி, ஒவ்வொரு வாரக் கடைசியிலும் பிளக் அளவியில் வந்த யூனிட்டை எழுதி வைத்திருங்கள். மென்பொருள் போட்ட மாதத்தின் யூனிட்டை அதற்குப் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தை யூனிட் பத்து ரூபாய் வீதம் விற்பவரிடமே பெருக்கிச் சொல்லச் சொல்லுங்கள்.